பி.பி.கிங்கின் ‘த த்ரில் இஸ் கான்’: பாட்டுக்குள் என்னதான் நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாருக்காவது இந்தப் பாட்டை அனுப்பினால் இரண்டு நாளில் கேள்விகள் வரும். முக்கால்வாசி அதே கேள்விகள்தான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பாட்டு 1969 கடைசியில் வெளிவந்தது, பாடி கிட்டார் வாசித்தவர் பி.பி.கிங், கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸ் என்ற இசை மரபில் வந்த கலைஞர். காதல் போய்விட்டது, அதில் இருந்த சிலிர்ப்பும் போய்விட்டது என்று ஒருவன் சொல்கிறான். கதை அவ்வளவுதான்.

ப்ளூஸ் என்றாலே எனக்கு எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி கேட்கிறது. இதில் மட்டும் என்ன விசேஷம்?

நியாயமான புகார். ப்ளூஸில் பெரும்பாலான பாட்டுகள் ஒரே சட்டத்துக்குள்தான் ஓடும். நான்கு எண்ணிக்கை ஒரு பார், அப்படிப் பன்னிரண்டு பார் ஒரு சுற்று, சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மூன்றே கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்து. வரிகளும் அப்படித்தான்: ஒரு வரி, திரும்ப அதே வரி, அப்புறம் அதற்கு ஒரு முடிப்பு. வெண்பாவுக்கு இலக்கணம் இருக்கிறது என்பதற்காக எல்லா வெண்பாவும் ஒன்றாகிவிடுவதில்லையே, அந்த மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் தெரிந்துவிட்டால், எங்கே மீறுகிறார்கள் என்பதும் காதில் விழ ஆரம்பிக்கும்.

இந்தப் பாட்டிலும் பன்னிரண்டு பார்தான். விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். ஆனால் மூன்று விஷயங்களை மாற்றியிருக்கிறார்கள். முதலாவது, வழக்கமான ப்ளூஸ் மேஜரும் (பளிச்சென்ற ஸ்வர வரிசை) மைனரும் (சோகச் சாயல் கொண்டது) கலந்த ஒரு இடத்தில் நிற்கும், சோகத்திலும் ஒரு குறும்பு ஒட்டிக்கொண்டிருக்கும். இது முழுக்க பி மைனர், குறும்புக்கு இடமே வைக்கவில்லை. இரண்டாவது, தாளம். ப்ளூஸ் என்றால் ஷஃபிள், அதாவது குதிரை நடை மாதிரி டட்டா டட்டா என்று ஆடிக்கொண்டே போவது. இங்கே டிரம்ஸ் நேராக, ஆடாமல் நடக்கிறது. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்பதாவது பாரில் வழக்கமாக ஐந்தாம் கார்டுக்குப் போய், பத்தாவதில் நான்காவதுக்கு இறங்குவார்கள். இங்கே ஒன்பதாவதில் ஜி மேஜர் செவன்த் வருகிறது, பத்தாவதில் அது அரைப்படி இறங்கி எஃப் ஷார்ப் செவன்த் ஆகிறது. பெயரெல்லாம் மறந்துவிடுங்கள். முடிப்பு வரி ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்த மாதிரி இருக்கும், உடனே தரை நழுவும். ஒவ்வொரு சுற்றிலும் சரியாக அதே இடத்தில் நழுவும். அது வரப்போகிறது என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்கிறது.

இதை பாலட் என்கிறார்கள், ப்ளூஸ் என்கிறார்கள், சோல் என்கிறார்கள். எது சரி?

மூன்றும். சட்டம் ப்ளூஸ், வேகமும் மனநிலையும் பாலட் என்ற மெதுவான காதல் பாட்டு, பேஸும் (கீழ் ஸ்வரங்களை வாசிக்கும் கிட்டார்) டிரம்ஸும் அந்தக் காலத்து சோல், அதாவது தேவாலயப் பாட்டு வாசனையுள்ள கறுப்பின இசை. அலமாரியில் எந்தத் தட்டில் வைப்பது என்பது கடைக்காரர் கவலை.

முதல் அரை நிமிடம் அவர் பாடவே இல்லையே?

பாடுகிறார், கிட்டாரில். முதல் சுற்று முழுக்க கிட்டார்தான் பாட்டுக்காரர். வேகமாக எதுவும் வாசிக்கவில்லை. நான்கைந்து ஸ்வரம், ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு ஸ்வரம். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும், ஏனென்றால் அவர் உண்மையிலேயே பாட்டுக்காரரின் மூச்சை வைத்துத்தான் கிட்டாரை அளக்கிறார்.

அந்த ஸ்வரங்கள் அழுவது போலக் கேட்பதற்கு இரண்டு காரணம். ஒன்று இழுப்பு: கம்பியை அடித்துவிட்டு விரலால் குறுக்கே தள்ளினால் கம்பி விறைத்து ஸ்வரம் மேலே ஏறும். வீணை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியை இழுத்து அடுத்த ஸ்வரத்துக்குப் போவது நம் வைணிகர்கள் காலங்காலமாகச் செய்வது. இயந்திர நியாயம் இரண்டுக்கும் ஒன்றுதான். இன்னொன்று அதிர்வு, வைப்ரேட்டோ. நீட்டி நிறுத்துகிற ஸ்வரத்தில் அவர் ஆட்காட்டி விரல் ஒன்றை மட்டும் ஊன்றிக்கொண்டு கட்டைவிரலை கிட்டாரின் கழுத்திலிருந்து எடுத்துவிடுவார், கை முழுவதும் மணிக்கட்டிலிருந்து படபடவென்று ஆடும். வீடியோவில் பார்த்தால் கையில் ஒரு பட்டாம்பூச்சி மாட்டிக்கொண்ட மாதிரித் தெரியும்.

இது எங்கிருந்து வந்தது என்பது ஒரு நல்ல கதை. அவருடைய தாய்வழி உறவினர் புக்கா ஒயிட், கம்பிமேல் ஸ்லைடை (விரலில் மாட்டும் குழாய்) வைத்து வழுக்கி வாசிக்கும் பழைய மிசிசிப்பி ப்ளூஸ் கலைஞர். இளைஞரான கிங்குக்கு அந்த வழுக்கல் ஒலி மேல் ஆசை, ஆனால் ஸ்லைடு எவ்வளவு முயன்றும் கைக்கு வரவில்லை. சரி, வெறும் விரலை ஆட்டியே அதைக் கொண்டுவரலாம் என்று ஆரம்பித்தார். கைவராத ஒன்றுக்குப் பதிலாகப் பிடித்த வழி, கடைசியில் உலகத்திலுள்ள பாதி கிட்டார்காரர்கள் பிரதியெடுக்கிற ஒலியாக ஆகிவிட்டது.

அவர் பாட ஆரம்பித்ததும் கிட்டார் காணாமல் போகிறதே?

அவரால் பாடிக்கொண்டே வாசிக்க முடிந்ததில்லை. இதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கார்ட் வாசிப்பதிலும் தனக்குத் திறமை போதாது என்பார். ஆகவே பாடும்போது கிட்டார் சும்மா இருக்கும், வரி முடிந்ததும் பதில் சொல்லும். மிசிசிப்பியில் பருத்தி பறித்து, தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர் அவர். ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் திருப்பிக் குரல் கொடுப்பது இரண்டு இடத்திலும் பழக்கம். இங்கே கொடுப்பவரும் அவரே, திருப்புபவரும் அவரே.

குரலுக்குப் பின்னால் லேசாகத் தட்டிக்கொண்டிருக்கிற கிட்டார் ஒன்று கேட்கிறதே என்பீர்கள். அது அவர் இல்லை, ஹியூ மெக்ராக்கன்.

மற்றபடி யார் யார் வாசித்திருக்கிறார்கள்?

பதிவு நடந்தது நியூயார்க்கில். கிங் தன்னோடு ஊர் ஊராகச் சுற்றும் சொந்தக் குழுவை விட்டுவிட்டு, நியூயார்க் ஸ்டூடியோக்களில் தினமும் வாசிக்கிற கலைஞர்களோடு உட்கார்ந்தார். தயாரிப்பாளர் பில் சிம்சிக்கின் யோசனை அது. (பிற்பாடு ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வைத் தயாரித்தவரும் இவரே.) மெக்ராக்கனைத் தவிர பேஸ் ஜெரால்ட் ஜெமாட், டிரம்ஸ் ஹெர்பி லவெல், மின் பியானோ பால் ஹாரிஸ்.

இவர்களில் ஜெமாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அரீத்தா ஃப்ராங்க்ளினுக்கு வாசித்த கை அது. ஒரு முறை பாட்டைப் போட்டுவிட்டு பேஸ் மட்டும் கேளுங்கள், கிங்கையே மறந்துவிடுங்கள். அடிப்பகுதியை நிரப்புவது மட்டும் இல்லை அவர் வேலை, எண்ணிக்கைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தட்டு, அப்புறம் ஒரு இடைவெளி, அப்புறம் ஒரு சின்ன வழுக்கல் என்று வாக்கியமாகவே பேசுகிறார். ஆனாலும் குரலின் வழியில் ஒரு இடத்திலும் வந்து நிற்கவில்லை. லவெலின் டிரம்ஸில் இதற்கு நேர்மாறாக அலங்காரம் மிகக் குறைவு, கடிகாரம் மாதிரி. அது அசையாமல் நிற்பதால்தான் மற்றவர்கள் சாய முடிகிறது. மின் பியானோவின் ஒலி மங்கலாக, ஈரமான கண்ணாடி வழியே தெரு விளக்கைப் பார்க்கிற மாதிரி இருக்கும், அது இல்லாவிட்டால் பாட்டுக்கு ராத்திரி நேரம் வந்திருக்காது.

ப்ளூஸ் பாட்டில் எதற்கு இத்தனை வயலின்? சினிமா மாதிரி ஆக்கிவிட்டார்களே?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். 1970லேயே தூய்மைவாதிகள் கேட்டுவிட்டார்கள்.

குழு வாசித்து முடித்தபோது பாட்டில் ஸ்ட்ரிங்ஸ், அதாவது வயலின் வகைக் கருவிகள், கிடையாது. பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த சிம்சிக்குக்கு இதற்குமேல் ஸ்ட்ரிங்ஸ் வைத்தால் என்ன என்று தோன்றி, நேரங்கெட்ட நேரத்தில் கிங்கை போனில் பிடித்துச் சொன்னார். கிங் சம்மதித்தார். பர்ட் டிகோட்டோ என்ற அரேஞ்சர் (வாத்தியங்கள் எதை வாசிக்க வேண்டும் என்று எழுதுபவர்) வந்து எழுதிக்கொடுத்தார். அதாவது நீங்கள் கேட்கிற வயலின்கள் எல்லாம், ஏற்கெனவே முடிந்துபோன ஒரு பேச்சைக் கேட்டுவிட்டு அதற்குப் பிறகு எழுதப்பட்டவை. கிங் எங்கே மூச்சு விடுகிறார், ஜெமாட் எங்கே விலகுகிறார் என்று எல்லாம் தெரிந்துகொண்டு அந்த இடைவெளிகளில் நுழைந்திருக்கிறார்கள். இந்தப் பாட்டில் எல்லோரும் இன்னொருவர் முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். கிட்டார் குரலுக்காக, குரல் கிட்டாருக்காக, கடைசியாக வந்த ஸ்ட்ரிங்ஸ் எல்லோருக்காகவும்.

எப்படி நுழைகிறது என்பதையும் கவனியுங்கள். ஆரம்பச் சுற்றில் அது இல்லை. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது எப்போதோ பின்னால் ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது. எப்போது வந்தது என்று திரும்பிப் போய்த் தேட வேண்டியிருக்கும், எனக்கு முதலில் ஸ்ட்ரிங்ஸ் இருப்பதே தெரியாது, ஒரு காது மட்டும் வேலை செய்கிற இயர்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் ஒரு காரணம். போகப் போக அந்தக் கோடு தடிக்கிறது. பாடி முடித்த பிறகு வருகிற நீண்ட வால் பகுதியில் கிட்டாரும் ஸ்ட்ரிங்ஸும் எதிரெதிரே நின்று பேசுகின்றன. அங்கே ஸ்ட்ரிங்ஸ் அழுது வடியவில்லை, கொஞ்சம் மிரட்டவே செய்கிறது. இனிப்புப் பூச வந்த வயலின் என்றால் நானும் உங்கள் கட்சிதான். இது அந்த ரகம் இல்லை.

ரேடியோவுக்கும் சிங்கிள் என்ற தனிப்பாட்டு இசைத்தட்டுக்கும் நான்கு நிமிடத்துக்குள் வெட்டினார்கள், அதில் வால் பகுதி குறைந்துபோகும். ‘கம்ப்ளீட்லி வெல்’ ஆல்பத்தில் இருக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்ட முழுப் பதிவைத் தேடிக் கேளுங்கள்.

இது சுத்த தன்யாசிதானே?

ஸ்வரங்களைப் பார்த்தால் அப்படித் தோன்றும். அவர் கிட்டார் அதிகம் புழங்குகிற ஐந்து ஸ்வரங்கள் பி, டி, ஈ, எஃப் ஷார்ப், ஏ. பி-யை ஸட்ஜமமாக வைத்தால் ச க₂ ம₁ ப நி₂. சுத்த தன்யாசியின் ஸ்வரங்களேதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இடையிடையே ரிஷபத்தைத் தொடுகிறார். கீழே கார்டுகளில் ஜி என்ற சுத்த தைவதமும், ஏ ஷார்ப் என்ற காகலி நிஷாதமும் வந்துபோகின்றன. அதைவிட முக்கியம், ராகம் என்பது ஸ்வரப் பட்டியல் இல்லை, பிடியும் கமகமும் சேர்ந்தது. அவருடைய பிடிகள் வேறு மண்ணிலிருந்து வந்தவை. முதல் நுழைவுக்கு உதவுகிறது என்றால் சுத்த தன்யாசி என்று நினைத்துக்கொண்டு கேளுங்கள், தப்பில்லை. கேட்டு முடித்ததும் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

ஆங்கிலம் அவ்வளவாக வராது. வரிகள் புரியாவிட்டால் ஏதாவது இழப்பா?

கொஞ்சம்தான். நீ எனக்குத் தப்பு செய்துவிட்டாய், ஒருநாள் வருந்துவாய் என்று ஆரம்பிக்கிறான். இனியும் வாழத்தான் போகிறேன், ஆனால் தனியாக என்கிறான். கடைசிச் சுற்றில் விடுதலை வந்துவிட்டது, உன் மாயத்திலிருந்து விடுபட்டுவிட்டேன் என்கிறான், எல்லாம் முடிந்த பிறகு நீ நன்றாக இரு என்று வாழ்த்துவதுதான் மிச்சம் என்று நிறுத்துகிறான். வாழ்த்துகிறவன் குரலில் நிம்மதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். எனக்குக் கேட்கவில்லை.

பாட்டை எழுதியதும் அவரா?

இல்லை. ராய் ஹாக்கின்ஸ் என்ற பியானோ கலைஞர் 1951ல் வெளியிட்டது, எழுதியவர்கள் ரிக் டார்னலும் ஹாக்கின்ஸும். அப்போது கிங் மெம்ஃபிஸில் டபிள்யூ.டி.ஐ.ஏ. ரேடியோவில் இசைத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். பீல் தெருவின் ப்ளூஸ் பையன் என்று அங்கே கிடைத்த பட்டம் சுருங்கித்தான் பி.பி. ஆனது, இயற்பெயர் ரைலி. பாட்டு மனதில் ஒட்டிக்கொண்டது, பல வருஷம் வெவ்வேறு விதமாக முயன்றும் அவருக்குத் திருப்தி வரவில்லை. 44 வயதில், வேறு ஆட்களோடு, வேறு தாளத்தில் வந்தது. அதுவரை அவர் பெரும்பாலும் கறுப்பின ரசிகர்களின் அரங்குகளில் இரவு இரவாக வாசித்துக்கொண்டிருந்தவர், 1956ல் மட்டும் 342 கச்சேரி. இந்தப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்ட் பத்திரிகை வெளியிடும் பொதுத் தரவரிசைப் பட்டியலில் 15ஆம் இடம்வரை ஏறியது, 1970ஆம் ஆண்டுக்கான கிராமி விருதும் கிடைத்தது.

லூசில் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது யார்?

அவருடைய கிட்டார். 1949 குளிர்காலத்தில் ஆர்கன்சா மாநிலத்தில் ட்விஸ்ட் என்ற சின்ன ஊரில் ஒரு நடனக்கூடத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். குளிருக்கு நடுவில் ஒரு பீப்பாயில் மண்ணெண்ணெய் ஊற்றி எரியவிட்டிருந்தார்கள். இரண்டு பேர் அடித்துக்கொண்டு அதன்மேல் விழ, கூடமே பற்றிக்கொண்டது. வெளியே ஓடிவந்தவர் கிட்டாரை விட்டுவிட்டோமே என்று மறுபடி உள்ளே போய் எடுத்துக்கொண்டு தப்பினார். சண்டை லூசில் என்ற பெண்ணுக்காக என்று மறுநாள் தெரிந்தது. இப்படிப்பட்ட முட்டாள்தனத்தை இனிமேல் செய்யக்கூடாது என்று ஞாபகப்படுத்திக்கொள்ள அந்தப் பெயரைக் கிட்டாருக்கு வைத்தார், அதற்குப் பிறகு வந்த எல்லாக் கிட்டாருக்கும் அதே பெயர். கிப்சன் நிறுவனம் 1980ல் அந்தப் பெயரிலேயே ஒரு மாடல் கொண்டுவந்தது. அந்த வகைக் கிட்டார்களில் மேல்பலகையில் வழக்கமாக இருக்கும் எஃப் வடிவத் துளைகள் இதில் கிடையாது. சத்தமாக வாசிக்கும்போது துளை வழியாக வரும் கூச்சலை அடக்க அவர் முன்பெல்லாம் துணியை அடைத்துவைப்பார், அந்தத் தொல்லையே வேண்டாம் என்று மூடிவிட்டார்கள்.

எதில் கேட்பது? போன் ஸ்பீக்கர் போதுமா?

போதாது. பி மைனர் பாட்டில் பேஸ் கிட்டாரின் கீழ் பி ஏறக்குறைய 62 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கர் அதைத் தொடவே தொடாது, ஜெமாட் மொத்தமாகக் காணாமல் போய்விடுவார். விலை உயர்ந்தது வேண்டாம், இரண்டு காதும் வேலை செய்கிற சாதாரண ஹெட்போன் போதும். ராத்திரி, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். முதல் முறை சும்மா கேளுங்கள், இரண்டாவது முறை பேஸ், மூன்றாவது முறை அவர் வாசிக்காமல் விடுகிற இடங்கள்.

மேடைப் பதிவுகளில் வயலின் இல்லையே, நன்றாக இருக்குமா?

சிகாகோவில் குக் கவுண்டி சிறையில் 1970 செப்டம்பரில் கைதிகள் முன்னால் வாசித்த பதிவு இருக்கிறது, 1971ல் ஆல்பமாக வந்தது. அங்கே ஸ்ட்ரிங்ஸ் இடத்தில் டிரம்பெட்டும் சாக்சஃபோனும், சொந்தக் குழு, முரட்டு ஒலி. ஸ்டூடியோவில் தனக்குள் பேசிக்கொண்ட ஆள் இங்கே எதிரில் இருப்பவர்களிடம் பேசுகிறார். சிறையில் உட்கார்ந்து விடுதலை என்ற சொல்லைக் கேட்பவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! வயலின் பிடிக்காதவர்கள் நேராக இங்கே போகலாம்.

பிடித்துவிட்டது. அடுத்து என்ன கேட்கலாம்?

எட்டா ஜேம்ஸின் ‘ஐ’ட் ராதர் கோ ப்ளைண்ட்’, 1967, அலபாமாவின் மசில் ஷோல்ஸில் பதிவானது. பாட்டு முழுக்க இரண்டே கார்ட், ஆர்கனும் பித்தளை ஊதுகருவிகளும் மெதுவாக அலையடிக்க அவர் குரல் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அப்புறம் பாபி பிளாண்டின் ‘ஐ’ல் டேக் கேர் ஆஃப் யூ’, அதுவும் மைனர், ஆர்கன் குளிரக் குளிர இருக்கும். ஓட்டிஸ் ரஷ்ஷின் ‘டபுள் டிரபுள்’, 1958, இது மூன்றிலும் பயங்கரமானது, சோர்ந்திருக்கும் நாளில் வேண்டாம்.

நான் கிட்டார் கற்றுக்கொண்டிருக்கிறேன். எங்கே தொடங்குவது?

இரண்டாவது கம்பியில் 12ஆவது ஃப்ரெட், அது பி, அங்கே ஆட்காட்டி விரல். கிங் வாசிப்பில் பெரும்பகுதி இந்த விரலைச் சுற்றி ஒரு கையகல இடத்துக்குள் நடக்கிறது. அதே கம்பியில் 14ஆவது ஃப்ரெட்டில் சி ஷார்ப், அதை அடித்து அரைப்படி மட்டும் இழுத்தால் டி. அதிகம் இழுத்தால் மேஜர் வாசனை வந்து பாட்டு கெட்டுவிடும், குறைத்தால் சுருதி சேராது. முதலில் 15ஆவது ஃப்ரெட்டில் டி-யை நேராக வாசித்துக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு இழுத்து அதே உயரத்தைத் தொடுங்கள். தொட்டதும் இறங்கி ஆட்காட்டி விரலுக்கு வந்து பி-யை ஆட்டி நீட்டுங்கள். கட்டைவிரலை எடுக்க மறக்காதீர்கள். அப்புறம் இரண்டு பார் முழுக்க எதுவும் வாசிக்காமல் எண்ணிக்கொண்டு மட்டும் இருங்கள். எனக்கு இன்னும் அந்த இரண்டு பார் சரியாக வரவில்லை.